குடையளவு

பெஞ்சிலிருந்து ஆற்றின் விளிம்புக்கு
போன சித்திரையில் பதினொரு குடை.
என் குடைதான். கம்பி ஒன்று வளைந்தது,
கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பேரம் பேசி வாங்கியது.
ஆடி முடிந்தபோது ஏழு.
ஐப்பசியில் நாலரை.

டிக்கெட் கிழிப்பவளுக்கு எதற்கு இந்தக் கணக்கு
என்று நகராட்சியில் கேட்டார்கள்.
பெரியவர் பத்து, சிறியவர் ஐந்து, கேமரா இருபது
என்று எழுதிய பலகையின் கீழே
மழை மாதம் முழுக்க
நானும் ஒரு தவளையும்.
அளக்காமல் வேறு என்ன செய்ய?

பூங்காவின் கடைசி மூலையை யாரும் வெட்டுவதில்லை.
கோப்பில் அதன் பெயர் "புதர்".
நாவல் இரண்டு, ஆற்றுப்பாலை ஒன்று,
மூங்கில் தூறு, பெயர் தெரியாத பெரணிகள்,
விடிவதற்குள் வந்து
நண்டு ஓட்டு எச்சத்தைப் பாறையில் வைத்துவிட்டுப் போகும்
நீர்நாய்கள்.
புல்தரைக்குக் குழாய் போட்டிருக்கிறோம்,
ரோஜாவுக்கு உரம் வைக்கிறோம்.
ஒன்றும் கேட்காத அந்த மூலைதான்
குடை குடையாகக் கரைகிறது.

நாடுகாணி செக்போஸ்ட்டில்
ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிடுகிறார்கள்.
இத்தனை லாரி மண்
நிலம்பூர்ப் பக்கம் இறங்கிப் போகிறது.
கை காட்டி நிறுத்த ஆளில்லை.

ஆவணியில் ஒரு ராத்திரி
செல்ஃபி மேடையின் சிவப்பு இதயத்தை மட்டும்
ஆறு பிடுங்கிக்கொண்டு போனது.
"ஐ கூடலூர்" என்று நின்றது மிச்சம்.
அதற்கப்புறம்தான் கூட்டம் போட்டார்கள்.

கான்ட்ராக்டர் சுவர் என்றார்.
கான்கிரீட், பன்னிரண்டு அடி, இரண்டே மாதம்.
என் நோட்டை நீட்டினேன்.
உதவிப் பொறியாளர் ஷைனி
பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எதிர்க்கரை லாட்ஜ் சுவர் எழும்பிய மாதமும்
எங்கள் குடைகள் குறையத் தொடங்கிய மாதமும்
ஒரே மாதம்.
"அவங்க சுவர் தண்ணியை நம்ம பக்கம் தள்ளுது.
நாமும் கட்டினா, கீழ இருக்கற வாழைத்தோட்டத்துக்குத் தள்ளும்.
அவங்க கட்டினா?"
கான்ட்ராக்டர் டீயைக் குடித்தார்.

ஆற்றுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றானது.
மேல்பக்கக் கரையைச் சாய்த்துவிட்டால்
தண்ணீர் அகன்று, அவசரம் குறைந்து
மூலைக்கு வரும்.
சாய்க்கிற இடத்தில் இருந்தது ரோஜாப் பாத்தி.
ஊட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய பாத்தி.
அதை வளர்த்த பெஞ்சமின்
பதினாறு நாள் என்னோடு பேசவில்லை.
சாவியைக்கூட மேஜையில் வைத்துவிட்டுப் போவான்.

தையில் பொள்ளாச்சியிலிருந்து தென்னைநார்ப் பாய் வந்தது.
ஆற்றுப்பாலைக் கொம்புகளைக்
கட்டைவிரல் தடிமனில் நறுக்கி,
மொட்டு மேலே பார்க்கும்படி
பொம்மியும் அவள் தம்பியும் சரிவாக அடித்தார்கள்.
இருநூற்றுப் பதிமூன்று.
தலைகீழாக அடித்த இரண்டைப் பிடுங்கி மறுபடி அடித்தார்கள்.

மூலைக்குப் பாய் விரிக்கப் போன அன்று
பெஞ்சமின் குறுக்கே நின்றான்.
அரித்த கரையின் செங்குத்துச் சுவரில்
கைமுட்டி நுழையும் ஒரு பொந்து.
உள்ளே மீன்கொத்தி.
வெறும் மண் இருந்தால்தான் அது குடையும்,
பாய் போட்டு மூடினால் செத்துப்போகும் என்றான்.
ரோஜாவை இழந்தவன் சொன்னால்
யார் மறுப்பது?
இரண்டு முழம் விட்டுவிட்டோம்.
ஆறு தின்னட்டும் என்று அல்ல.
ஆறு தின்ற இடத்திலும் ஒரு வீடு இருந்தது
அது வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் நூற்று நாற்பது கொம்பு துளிர்த்தது.
மிச்சத்தை ஆடு கடித்ததா, வெயில் கடித்ததா
என்று வழக்கு நடக்கிறது.
"ஐ கூடலூர்" பலகை இப்போது குடோனில் கிடக்கிறது,
இதயம் வாங்க நிதியில்லை.

இன்று காலை அளந்தேன்.
நாலரை.
போன வாரமும் நாலரை,
அதற்கு முந்தின வாரமும்.
சந்தோஷமா என்று பெஞ்சமின் கேட்டான்.
நாடுகாணிப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.
இன்னும் மழையே வரவில்லையே என்றேன்.
குடையை விரித்து
வளைந்த கம்பியை நிமிர்த்தித் தந்தான்.